அழுகும் சக்குலண்ட்: எதை வெட்டுவது, எதுவரை காத்திருப்பது

சென்னையிலும் கோவையிலும் இப்போது கல்யாணத்துக்கோ கொலுவுக்கோ போய்த் திரும்பினால் தாம்பூலப் பையோடு ஒரு சின்னத் தொட்டியும் கைக்கு வருகிறது. உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் தொட்டி. அதில் தாமரை வடிவில் ஒரு எச்சிவேரியாவோ, வெள்ளைக் கோடு போட்ட ஹாவொர்தியாவோ. மண் தெரியாமல் மேலே பரப்பிய கூழாங்கல். ‘வாரம் ஒரு தடவை தண்ணி ஊத்துங்க, போதும்’ என்று கொடுப்பவர் சொல்லியனுப்புவார். சொன்னபடியே ஊற்றியும், அடுத்த ஐப்பசி மழை ஓய்வதற்குள் செடி கூழாகிவிட்ட வீடுகள் நிறைய.

இறந்த செடிக்குச் சொல்லப்படும் காரணம் ஒன்றுதான்: தண்ணீர் கூடிப்போச்சு. ஆனால் காப்பாற்றச் சொல்லப்படும் வழிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. தண்ணீரை நிறுத்திவிட்டுச் சும்மா இரு என்கிறது ஒரு கட்சி. உடனே பிடுங்கி வேரை அலசு என்கிறது இன்னொரு கட்சி. தலையை அறுத்துப் புதிதாக நடு என்பது மூன்றாவது. பட்டைத்தூள், மஞ்சள், ஹைட்ரஜன் பெராக்சைடு, உரக்கடைப் பூஞ்சைக்கொல்லி என்று மருந்துகளின் வரிசை வேறு. எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது; எந்த நிலையில் எது உண்மை என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. என் முடிவை முன்னதாகவே வைத்துவிடுகிறேன். இந்த நோயின் மூலம் வேருக்குக் காற்று கிடைக்காமல் போவது. அதைத் தாண்டிப் பிழைக்கும் வலு சக்குலண்ட் செடிகளுக்கு நிறையவே உண்டு. அந்த வலுவைப் பெரும்பாலும் கெடுப்பது, ஏதாவது செய்தாக வேண்டும் என்று தவிக்கும் நம் கை.

வேர் மூச்சுவிடும் கதை

இலை சோறாக்குகிறது, வேர் தண்ணீர் உறிஞ்சுகிறது என்று பள்ளியில் படித்ததோடு நின்றுவிடுகிறோம். வேரும் சுவாசிக்கிறது. மண் துகள்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகளில் இருக்கும் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துத்தான் அது உயிர்வாழ்கிறது. ஊற்றிய தண்ணீர் வடியாமல் நின்றால் அந்த இடைவெளிகள் நிரம்பிவிடும். தண்ணீருக்குள்ளும் ஆக்சிஜன் இருக்கிறதே என்று கேட்கலாம். 25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்கக்கூடியது 8 மில்லிகிராம் அளவு. ஒரு லிட்டர் காற்றில் அது ஏறத்தாழ 270 மில்லிகிராம். அதைவிடப் பெரிய இடைஞ்சல் வேகம். ஆக்சிஜன் காற்றில் பரவும் வேகத்தில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வேகத்தில்தான் தண்ணீரில் பரவும். வேர் இருப்பதைத் தீர்த்துவிட்டால், மேலிருந்து அடுத்தது வந்து சேர்வதற்குள் திசுக்கள் மூச்சுமுட்டத் தொடங்கிவிடுகின்றன. ஆக்சிஜன் இல்லாமல் சர்க்கரையை நொதிக்கவைத்துக் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். பிறகு நுனிகள் சாகும்.

செத்த நுனியைத் தின்ன ஆள் தயாராக இருக்கிறது. பித்தியம், ஃபைட்டோஃப்தோரா என்று இரண்டு பெயர்கள் இந்த விஷயத்தில் அடிக்கடி அடிபடும். பார்ப்பதற்குப் பூஞ்சைபோல இருந்தாலும் இவை உண்மையான பூஞ்சைகள் அல்ல. கடலில் வளரும் பழுப்புப் பாசிகளுக்கு நெருங்கிய உறவு. இவற்றின் வித்துகளுக்கு இழைபோன்ற வால் உண்டு. ஈர மண்ணில் நீந்திப்போய், அடிபட்ட வேரைத் தேடி ஒட்டிக்கொள்ளும். அயர்லாந்தில் 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குக் காரணம் இந்த ஃபைட்டோஃப்தோரா வகையறாதான். இவற்றோடு ஃபியூசேரியம் என்ற உண்மையான பூஞ்சையும், திசுவை நாற்றமடிக்கும் கூழாக்கும் பாக்டீரியாக்களும் சேரும். ஆக, மூச்சடைப்பு முதல் கட்டம், தொற்று இரண்டாம் கட்டம். முதல் கட்டத்தில் இருக்கும் செடிக்குக் காற்று போதும். இரண்டாம் கட்டத்துக்குப் போன செடிக்குக் கத்தி வேண்டும். வழிகாட்டிகள் முட்டிக்கொள்வதற்குக் காரணமே, இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதுதான்.

வாடுவது எதனால்?

அடையாளம் காண்பதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். வேர் அழுகிய செடியும் வாடும், தண்ணீர் காணாத செடியும் வாடும். வேர் செத்துவிட்டால் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் குடிக்க வாய் இல்லை, இலை சுருங்குகிறது. சுருங்கிய இலையைப் பார்த்ததும் ஐயோ பாவம் என்று இன்னும் ஒரு குவளை ஊற்றுகிறோம். பெரும்பாலான செடிகள் சாவது இந்த இரண்டாவது குவளையில்.

தொட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். தாகத்தில் இருக்கும் இலை மெலிந்து, தோல் சுருங்கி, மடக்கினால் துவளும். நிறம் மங்கினாலும் பச்சை போகாது. அடியிலிருக்கும் கிழட்டு இலைகள் காகிதம்போலக் காயும். தண்ணீர் மிஞ்சிய இலை வெளிறி, மஞ்சளித்து, வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணாடிபோலத் தெரியும். நீர் சேமிக்கும் பெரிய செல்கள் தாங்காமல் வெடித்துவிடுவதால் வரும் கோலம் அது. அழுத்தினால் கொழகொழக்கும். விரல் பட்டாலே கழன்று விழும். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் கறுத்திருந்தால் சந்தேகமே வேண்டாம். தொட்டியைச் சுற்றிக் கொசுவைவிடச் சின்னதாகக் கறுப்புப் பூச்சிகள் பறந்தால், மண் நெடுநாளாக ஈரமாகவே இருக்கிறது என்று பொருள்.

ஒரு விதிவிலக்கை நினைவில் வைக்க வேண்டும். மண் காய்ந்திருக்கிறது, தண்டு கெட்டியாக இருக்கிறது, ஆனாலும் செடி தேறவில்லை என்றால் வேரில் மாவுப்பூச்சி இருக்கலாம். பிடுங்கிப் பார்த்தால் வேர்களுக்கு நடுவே பஞ்சுத் துணுக்குகள்போல ஒட்டியிருக்கும். கலவையில் போட்ட பெர்லைட் என்று நினைத்து விட்டுவிடுபவர்கள் உண்டு. விரலால் நசுக்கினால் எது எது என்று தெரிந்துவிடும்.

மண்ணின் ஈரம் பார்க்கக் கருவி வாங்க வேண்டியதில்லை. ஒரு ஈர்க்குச்சியைத் தொட்டியின் அடிவரை குத்தி, கொஞ்ச நேரம் விட்டு உருவினால் போதும். மண் ஒட்டிக்கொண்டு வந்தால் ஈரம். மேல்மண்ணைத் தொட்டுவிட்டுக் காய்ந்துவிட்டது என்று முடிவுகட்டுவது பெரிய ஏமாற்று. ஒரு சாண் தொட்டியில் மேலே புழுதி பறக்கும்போது அடியில் சேறு இருக்கும்.

வேரில்லாமல் எத்தனை நாள்?

காத்திருப்பதற்கு ஏன் இவ்வளவு பயப்படுகிறோம் என்பது எனக்கு வியப்பான விஷயம். நம் ஊரில் கடைவாசலிலும் வீட்டு நிலையிலும் திருஷ்டிக்கென்று கற்றாழையைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுகிறோம். மண் இல்லை, தண்ணீர் இல்லை. வேர் அந்தரத்தில் காய்ந்து கிடக்கிறது. மாதக்கணக்கில் அது சாவதில்லை; குருத்து மேல்நோக்கி வளைந்து புது இலைகூட விடுகிறது. துவையலுக்கு வாங்கிய பிரண்டைத் துண்டை மேடையில் மறந்துவிட்டால் கணுவில் வேர் எட்டிப் பார்க்கிறது. இதையெல்லாம் தினமும் பார்க்கிற நாம், தொட்டியிலிருந்து எடுத்த எச்சிவேரியா இரண்டு நாள் வேர் வெளியே தெரியக் கிடந்தால் பதறுகிறோம்.

இதன் பின்னாலுள்ள உடலியலில் தமிழ்நாட்டோடு தொடர்புள்ள ஒரு பெயரும் உண்டு. பெஞ்சமின் ஹெய்ன் என்ற ஜெர்மானியர் மொராவிய சபையின் ஊழியராகத் தரங்கம்பாடிக்கு வந்தவர். பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளரானார். 1819இல் சென்னையில் இறந்தார். ரணகள்ளியின் இலையை, அதாவது புத்தகத்துக்குள் வைத்தால் ஓரமெல்லாம் குட்டி போடுமே, அந்த இலையை, அவர் வெவ்வேறு நேரங்களில் மென்று பார்த்தார். காலையில் புளித்தது, நண்பகலில் சுவையே இல்லை, மாலையில் லேசாகக் கசந்தது. இந்தக் குறிப்பு 1815இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் வந்தது. அவர் நாக்கில் பட்டது என்ன என்பது முழுக்க விளங்கப் பிற்காலம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பகலில் இலைத்துளைகளைத் திறந்தால் தண்ணீர் ஆவியாகிப் போகும் என்பதால் இச்செடிகள் இரவில் திறக்கின்றன. அப்போது பிடித்த கார்பன் டை ஆக்சைடை மாலிக் அமிலமாகச் சேர்த்துவைத்துக்கொண்டு, பகலில் துளைகளை மூடியபடியே செலவழிக்கின்றன. வறட்சி முற்றினால் இரவிலும் திறக்காமல், தாமே வெளிவிடும் வாயுவைத் தாமே உள்ளே சுழற்றிக்கொண்டு காலம் தள்ளும் வகைகளும் உண்டு. வரவும் இல்லை, செலவும் இல்லை. வேரை வெட்டி நிழலில் போட்ட செடி இந்த நிலையில்தான் இருக்கிறது.

பாலை மண்ணில் வேரை இழப்பது இவற்றுக்குப் புதிதும் அல்ல. கள்ளிகளையும் நீலக்கற்றாழை இனங்களையும் ஆராய்ந்த அமெரிக்கத் தாவரவியலாளர் பார்க் நோபல், அவற்றின் வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே படர்வதையும், வறட்சியில் நுண்வேர்கள் காய்ந்து உதிர்வதையும், மழை விழுந்ததும் விரைவில் புது வேர்கள் கிளம்புவதையும் விரிவாகப் பதிவுசெய்திருக்கிறார். ஆண்டுதோறும் வேரைத் தொலைத்துத் திரும்ப விடுகிற பழக்கம் பிறவியிலேயே உண்டு. நம் தொட்டியிலும் அதைச் செய்யும், நாம் விட்டால்.

அவர்கள் குளிர்காலமும் நம் கோடையும்

ஆங்கிலத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி இங்கிலாந்து, அமெரிக்கக் குளிர்ப் பகுதிகளின் ஜன்னலோரத்துக்கு எழுதப்பட்டவை. குளிர்காலத்தில் தண்ணீரைக் குறை, கோடையில் தாராளமாக ஊற்று என்பது அவற்றின் சாரம். சென்னையில் எச்சிவேரியா வைத்திருப்பவர் இதைக் கேட்டு நடந்தால் சித்திரையிலேயே செடியைப் பறிகொடுப்பார்.

எச்சிவேரியாக்களில் பெரும்பாலானவை மெக்சிகோவின் மேட்டு நிலத்துச் செடிகள். பகல் சுட்டாலும் இரவு குளிரும். இரவில் துளை திறக்கும் இந்தத் தாவர முறைக்கு 10 முதல் 20 டிகிரிக்குள் இருக்கும் இரவே ஒத்துப்போகிறது. சென்னையில் மே மாத இரவு 27, 28 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அரிது. செடி ஏறக்குறையத் தூங்கிவிடுகிறது, குடிப்பதில்லை. அதே சூட்டில் வேரின் சுவாசமும் கிருமியின் வளர்ச்சியும் பல மடங்கு வேகமெடுக்கின்றன. சூடான தண்ணீரில் கரையும் ஆக்சிஜனோ குறைவு. குளிர்ந்த ஊரில் ஒரு வாரம் தாக்குப்பிடிக்கும் ஈர வேர் இங்கே இரண்டு மூன்று நாளில் போய்விடக்கூடும். ஊட்டியிலும் பெங்களூரிலும் காலிம்போங் நர்சரியிலும் கொழுகொழுவென்றிருந்த செடி இங்கே வந்ததும் கரைவதற்கு வளர்ப்பவரின் கைராசி காரணமில்லை.

இரண்டாவது கண்டம் வடகிழக்குப் பருவமழை. சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதங்களில் கொட்டிவிடுகிறது. மழை நேரடியாகப் படாத பால்கனியிலும் வெயில் இல்லை, காற்றில் ஈரம் ததும்புகிறது, மண் காயாது. ‘வாரம் ஒரு தடவை’ என்ற விதி ஏப்ரல் மாத மொட்டைமாடிக்கும் நவம்பர் மாத வரவேற்பறைக்கும் ஒன்றாகவே இருந்தால் அது விதியே அல்ல. அதிகமாக ஊற்றுவது என்பதே பல வீடுகளில் வெளிச்சம் குறைவாக இருப்பதன் மறுபெயர். போதிய ஒளி இல்லாத செடி உணவு செய்யாது, தண்ணீரும் கேட்காது. ஏசி அறையின் மேசை மூலையில் இருக்கும் செடிக்கு ஒரு மேசைக்கரண்டித் தண்ணீர்கூட அதிகம்தான்.

அடீனியம் இதில் தலைகீழ். மொட்டைமாடி வெயிலில் கோடை முழுக்கத் தாராளமாகக் குடிக்கும், பூக்கும். மழையும் மப்பும் சேர்ந்த கார்த்திகை, மார்கழிதான் அதற்கு ஆபத்து. ஆகவே எந்தச் செடி என்று தெரியாமல் வைத்தியம் தொடங்க முடியாது. ‘ஜேட்’ என்று நம் நர்சரிகளில் விற்கும் பலவும் உண்மையான ஜேடான கிராசுலா ஒவாட்டா அல்ல. தென்னாப்பிரிக்காவில் யானை மேயும் போர்ட்டுலக்கேரியா ஆஃப்ரா. சின்ன வட்ட இலை, செம்பழுப்புத் தண்டு. அது கொஞ்சம் கூடுதல் தண்ணீரைப் பொறுத்துக்கொள்ளும், கிராசுலா பொறுக்காது.

கத்தியை எப்போது எடுப்பது

இப்போது அந்த மூன்று கட்சிகளுக்கு வரலாம். தண்டு கெட்டியாக இருந்து, அடி இலைகள் ஒன்றிரண்டு மட்டும் கண்ணாடியாகியிருந்தால் முதல் கட்சி சொல்வது சரி. கெட்ட இலைகளை எடுத்துவிட்டு, கூழாங்கல் மூடாக்கை அகற்றி, காற்றோட்டமும் நல்ல வெளிச்சமும் உள்ள நிழலில் வைத்துவிட்டுத் தண்ணீரை மறந்துவிடலாம். ஆனால் தொட்டிக்கு ஓட்டை இல்லை என்றாலோ, ஈர்க்குச்சி அடியில் சேறு காட்டினாலோ சும்மா இருப்பது சோம்பல். அப்போது வெளியே எடுத்தே ஆக வேண்டும்.

எடுக்கும்போது இழுக்காமல், தொட்டியைச் சாய்த்துத் தட்டிக் கழற்ற வேண்டும். வேரைச் சுற்றி மெல்லிய வலைப்பை இருந்தால் கத்தரித்து நீக்க வேண்டும். நர்சரியில் நாற்றாக இருந்தபோது போட்ட அந்தப் பைக்குள் இருக்கும் கோகோபீட் உருண்டைதான் பல நேரம் ஈரத்தின் கிடங்கு. நல்ல வேர் வெள்ளையாகவோ வெளிர்பழுப்பாகவோ இருக்கும், இழுத்தால் தாங்கும். கெட்ட வேர் கறுத்து, இழுத்தால் மேல்தோல் உறைபோலக் கழன்று நடுநார் மட்டும் கையில் நிற்கும். கெட்டதை எல்லாம் வெட்டிவிடலாம். பாதி வேர் போனாலும் பரவாயில்லை. வேரைக் குழாயில் அலசுவதில் எனக்கு உடன்பாடில்லை. மண்ணை விரலாலும் பழைய பல்துலக்கியாலும் உதிர்த்தால் போதும். காயப்பட்ட வேரை நனைத்தால், அந்த நீந்தும் வித்துகளுக்கு நாமே வாய்க்கால் வெட்டிக் கொடுத்ததாகும்.

அழுகல் தண்டுக்குள் ஏறியிருந்தால் மூன்றாம் கட்சியே கதி. புது பிளேடை மருந்துக்கடை ஸ்பிரிட்டில் துடைத்து, அழுகலுக்கு மேலே நல்ல பகுதியில் குறுக்காக வெட்ட வேண்டும். வெட்டுவாயைப் பாருங்கள். முழுக்க ஒரே வெளிர்பச்சையாக இருந்தால் நல்லது. நடுவிலோ வட்டமாகவோ ஒரு பழுப்புப் புள்ளி தெரிந்தாலும் தொற்று தண்டின் குழாய்களில் ஏறிவிட்டது. பிளேடை மீண்டும் துடைத்து இன்னும் மேலே வெட்ட வேண்டும். இந்தத் துடைப்பைத் தவிர்த்தால் நோயை நாமே மேலே ஏற்றிவிடுவோம். மனம் வராமல் புள்ளியோடு நிறுத்துபவர்கள் ஒரு வாரத்தில் மறுபடி வெட்டுவார்கள். அதற்குள் மிச்சம் குறைந்திருக்கும்.

பிறகு காயவைத்தல். காகிதம் விரித்த தட்டில், நேர் வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் கிடக்கட்டும். வெட்டுவாய் சுருங்கி, தக்கைபோல ஒரு பொருக்குத் தட்டும். செல் சுவர்களில் சூபெரின் என்ற மெழுகுப்பொருள் படிந்து கிருமிக்கும் நீருக்கும் கதவடைப்பது அப்போதுதான். மெல்லிய தண்டுக்கு மூன்று நான்கு நாள். கட்டைவிரல் பருமனுக்கு ஒரு வாரம். மழைக்காலத்தில் இரண்டு வாரமும் ஆகலாம், மின்விசிறிக்குக் கீழே வைத்தால் நல்லது. இதில் நாள் கூடிக் கெட்ட செடியைவிட, நாள் குறைந்து கெட்ட செடியே அதிகம்.

அடீனியத்துக்கு இந்த வேலை கொஞ்சம் பெரிது. பருத்த அடித்தண்டை, காடெக்ஸ் என்பார்களே, அதை விரலால் சுற்றிலும் அழுத்திப் பார்க்க வேண்டும். காய்ந்து சுருங்கியதும் அமுங்கும், அழுகியதும் அமுங்கும். காய்ச்சலில் சுருங்கியது சுற்றிலும் சீராகத் தளர்ந்திருக்கும், தண்ணீர் பட்டால் விறைத்துக்கொள்ளும். அழுகல் ஓரிடத்தில் மட்டும் பள்ளமாக அமுங்கும், தோல் நிறம் மாறியிருக்கும், சில நேரம் நீர் கசியும். அந்த இடத்தைப் பலாச்சுளை எடுப்பதுபோலச் சுரண்டி, வெள்ளையான கெட்டிச் சதை வரும்வரை குடைய வேண்டும். பாதி காடெக்ஸ் போய்க் குகைபோல ஆனாலும் செடி பிழைத்துக்கொள்ளும். ஆறிய பிறகு அந்தக் குழியே அதற்கு ஒரு அழகாகிவிடும். கையுறை அவசியம். அரளிக் குடும்பத்துச் செடி அது. சாற்றில் இதயத்தைப் பாதிக்கும் நச்சு உண்டு, ஆப்பிரிக்காவில் அம்பு நுனியில் தடவியிருக்கிறார்கள். குடைந்த செடியை வேர் கழுவாமல், காகிதத்தில் தளர்வாகச் சுற்றியோ கட்டித் தொங்கவிட்டோ ஓரிரு வாரம் உலரவிட வேண்டும்.

எல்லாமே போய், நுனியும் கெட்டுவிட்டது என்றால் இலையாவது மிஞ்சுமா என்று பார்ப்பது அடுத்தது. இங்கே இனத்துக்கு இனம் கணக்கு வேறு. எச்சிவேரியா, கிராசுலா இலைகள் அடிக்கணு உடையாமல் கழன்று வந்தால் வேரும் குட்டியும் விடும். பாதியில் முறிந்தால் பெரும்பாலும் வராது. ரணகள்ளிக்கு ஓரத்துப் பள்ளம் ஒன்று போதும். சோற்றுக்கற்றாழை இலையை நட்டு யாரும் செடி பார்த்ததில்லை. பக்கக்கன்று இருந்தால்தான் உண்டு. மருள் இனத்துப் பாம்புச்செடியின் இலைத்துண்டு வேர்விடும், ஆனால் மஞ்சள் ஓரமுள்ள வகையில் வரும் புதுச்செடிக்கு அந்த மஞ்சள் இருக்காது. ஓரம் வேண்டுமென்றால் கிழங்கின் நல்ல துண்டோடு பிரித்து நட வேண்டும். சிவப்புப் பந்து வைத்த ஒட்டுக்கள்ளியில் அடிக்கள்ளி அழுகிவிட்டால், பச்சையமே இல்லாத அந்தப் பந்து தனியாக வாழாது. வேறொரு அடிக்கள்ளியில் ஒட்டத் தெரிந்தவருக்கு மட்டுமே அது மீட்கக்கூடியது, மற்றவர்கள் விட்டுவிடலாம்.

மருந்துகள்

பட்டைத்தூளுக்கும் மஞ்சளுக்கும் கிருமியை அடக்கும் குணம் ஆய்வகத் தட்டுகளில் காணப்பட்டதுதான். ஆனால் வெட்டுவாயில் தூவிய தூள் பெருமளவு செய்வது, கசியும் ஈரத்தை உறிஞ்சுவது. அதற்கு அடுப்புக்கரித் தூளும் கந்தகத் தூளும்கூட ஆகும். தூவினால் கெடுதல் இல்லை. தூவிவிட்டோம் என்ற தெம்பில் சீக்கிரம் நட்டுவிடுவதுதான் கெடுதல். நல்ல வேரின் மேல் பட்டைத்தூளைக் கொட்டுவது வேரையே சுடும்.

ஹைட்ரஜன் பெராக்சைடை மண்ணில் ஊற்றினால் நுரைக்கும். பார்ப்பவருக்கு ஏதோ நடக்கிறது என்ற திருப்தி. வெளிவரும் ஆக்சிஜன் கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும். ஊற்றிய தண்ணீர் மட்டும் மிஞ்சும். தொட்டியைக் கழுவ அதை வைத்துக்கொள்ளலாம்.

உரக்கடைக்குப் போனால் பெரும்பாலும் கார்பென்டாசிம் கலந்த பொடியைத் தருவார்கள். ஃபியூசேரியம் போன்ற உண்மைப் பூஞ்சைக்கு அது வேலை செய்யும். பாசியின் உறவான பித்தியத்தையும் ஃபைட்டோஃப்தோராவையும் அது தொடாது. அவற்றுக்கு மெட்டலாக்சில் வேண்டும். நாற்றமடிக்கும் பாக்டீரியா அழுகலுக்கு இரண்டும் பயனில்லை. எது தாக்கியது என்று வீட்டில் கண்டுபிடிக்க வழியில்லாதபோது, கெட்டதை முழுக்க வெட்டி மிச்சத்தை உலர்த்துவது மூன்றுக்கும் பொதுவான மருந்து. டிரைக்கோடெர்மா விரிடி போன்ற நன்மைப் பூஞ்சைகளை நான் மதிக்கிறேன். ஆனால் அவை காவலர்கள். புது மண்ணில் முன்கூட்டியே கலந்தால் உதவும், அழுகிக்கொண்டிருக்கும் தண்டை மீட்காது.

தொட்டிக்குள் திரும்புதல்

நர்சரிக் கலவை பெரும்பாலும் கோகோபீட் மயம். பொள்ளாச்சிப் பக்கத்து நார் ஆலைகளால் அது மலிவு, எடை குறைவு. லாரியில் ஏற்றிப் பல ஊர் அனுப்ப வசதி. தன் எடையைப் போல ஏழெட்டு மடங்கு தண்ணீரைப் பிடித்துவைக்கும். தினமும் காற்றும் வெயிலும் அடிக்கும் நர்சரிக் கொட்டகையில் அது பொருந்துகிறது, வீட்டுக்குள் பொருந்தாது. மறுநடவில் பாதிக்கு மேல் கல்லினமாக இருக்கட்டும்: பட்டாணி அளவு செங்கல் உடைசல், பெர்லைட் அல்லது பியூமிஸ், கரித்துண்டு, கழுவிச் சலித்த பருமணல். மிச்சம் செம்மண்ணும் கையளவு மண்புழு உரமும். எம்-சாண்டைக் கழுவாமல் போட்டால் அதிலுள்ள மாவு அடியில் சிமென்ட்போலப் படியும். கடல்மணலை உப்புக்காகத் தவிர்க்க வேண்டும்.

தொட்டியின் அடியில் ஜல்லி பரப்பினால் தண்ணீர் நன்றாக வடியும் என்பது உலகம் முழுக்க நம்பப்படுவது. மண் இயற்பியல் இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் லிண்டா சாக்கர்-ஸ்காட் போன்ற தோட்டக்கலை அறிஞர்கள் இந்த நம்பிக்கையை நெடுநாளாக மறுத்து எழுதிவருகிறார்கள். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நனைத்துப் படுக்கைவாட்டில் பிடியுங்கள், சொட்டுவது நின்றதும் செங்குத்தாக நிமிர்த்துங்கள், மறுபடி சொட்டும். நுண்துளைகள் தண்ணீரை ஒரு குறிப்பிட்ட உயரம்வரை பிடித்துவைத்திருக்கின்றன. அதற்கு மேலிருப்பதுதான் வடிகிறது. தொட்டியிலும் மண்ணின் அடிமட்டத்தில் இப்படி ஒரு நிறைநீர்ப் பட்டை நிற்கும். ஜல்லி போட்டால் அந்தப் பட்டை மறைவதில்லை; ஜல்லிக்கு மேலே ஏறி வேருக்கு இன்னும் கிட்டே வருகிறது. தட்டையான தொட்டியில் மண்ணின் பெரும்பங்கு இந்தப் பட்டைக்குள்ளேயே இருக்கும். ஆழமில்லாத கண்ணாடிக் கிண்ணங்கள் ஏன் கல்லறையாகின்றன என்பதற்கு இதுவே விளக்கம். ஓட்டைமேல் மண் வழியாமல் இருக்க ஒரு ஓட்டுச்சில்லு போதும். சுட்ட மண் தொட்டி பக்கவாட்டிலும் ஈரத்தை வெளியேற்றும். பெயின்ட் அடித்தால் அந்தக் குணம் போய்விடும்.

நடவுக் கலவை காய்ந்திருக்க வேண்டும். பொருக்குத் தட்டிய தண்டை அதில் ஆழமாகப் புதைக்காமல் நிறுத்தி, ஆடினால் இரண்டு கல்லால் அண்டை கொடுத்தால் போதும். தண்ணீர் வேண்டாம். ஒரு வாரம், பத்து நாள் கழித்துத் தொட்டியின் ஓரமாக மட்டும் சிறிது ஈரம் காட்டலாம்; இரவு நேரச் சூடு குறைவான மாதங்களில் இது நன்றாக எடுபடும். வேர் வந்ததா என்று தினமும் பிடுங்கிப் பார்ப்பவர்கள் அன்று முளைத்த நுனியை அன்றே முறிக்கிறார்கள். செடியை விரலால் லேசாக அசைத்தால், வேர்விட்டது எதிர்த்து நிற்கும். அதற்கு முன்னதாகவே இன்னொரு அறிகுறி வரும்: அடி இலைகள் வற்றிக் காய்ந்துகொண்டே போக, நடுக்குருத்து மட்டும் விறைப்பாகிப் பளபளக்கும். செடி தன் பழைய இலைச் சேமிப்பை எடுத்துப் புது வேருக்குச் செலவழிக்கிறது. அந்த வற்றும் இலைகளைத் தாகம் என்று எண்ணிவிடக் கூடாது.

குருத்து நகர்ந்த பிறகே முழுத் தண்ணீர். அப்போது அளந்து சொட்டுச் சொட்டாக விடுவதைவிட, அடியில் வடியும்வரை ஒரேயடியாக ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட்டு, ஈர்க்குச்சி காய்ந்து வரும்வரை தொடாமல் இருப்பது நல்லது. வடியும் தண்ணீர் மேலேயிருந்து புதுக்காற்றை மண்ணுக்குள் இழுத்துவிடும். உரம் புது இலை இரண்டு மூன்று வரும்வரை வேண்டாம். நேர் வெயிலுக்கும் படிப்படியாகத்தான் நகர்த்த வேண்டும், நிழலில் கிடந்த இலை ஒரே மதியத்தில் வெந்துவிடும். அழுகிய செடி இருந்த பழைய மண்ணை வேறு தொட்டிக்குப் போடாமல், கறுப்புப் பாலித்தீன் பையில் ஈரத்தோடு கட்டிச் சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் சில வாரம் வைத்தால் பிறகு கீரைக்குப் பயன்படுத்தலாம். மழை மாதங்களில் அந்த வசதி கிடையாது, குப்பையில் சேர்ப்பதே மேல்.